சங்கம் இல்லாதவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊரில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. எல்லாம் பெங்களூரா, கூழ் ஆலைக்குப் போகிற மாங்காய் ரகம்.

போன சீசனில் கூழ் ஆலைக்காரர்கள், விவசாயிகள், அதிகாரிகள் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து விலை பேசும் கூட்டத்துக்கு அப்பாவோடு போயிருந்தேன். ஆலைத் தரப்பில் வந்தவர்கள் பத்துப் பேருக்குள்தான் இருக்கும். பேசியது ஒருவர் மட்டும். போன வருடக் கூழ் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது, வெளிநாட்டு ஆர்டர் எவ்வளவு குறைந்தது, டிரம் விலை என்ன, கரண்ட் செலவு என்ன என்று கையில் இருந்த தாளைப் பார்த்து வரிசையாகச் சொன்னார். எங்கள் பக்கம் நூறு பேருக்கு மேல். ஒருவர் விலை கேட்டார். ஒருவர் பயிர்க் காப்பீடு கேட்டார். இன்னொருவர் தோப்பில் யானை புகுந்ததைச் சொன்னார். ஒருவர் போன ஆட்சியைத் திட்ட, அவருக்குப் பதில் சொல்ல வேறொருவர் எழுந்தார். அப்பா எழுதிக் கொண்டுபோன மனு கடைசி வரை சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஒரு விலை சொல்லி முடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து நாங்கள் லோடு கொண்டுபோனபோது அந்த விலை ஆலை வாசலில் இல்லை.

அன்றிலிருந்து ஒரே யோசனை. ஆலைக்காரர்களுக்குச் சங்கம், வியாபாரிகளுக்குச் சங்கம், குவாரிக்காரர்களுக்குச் சங்கம், ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சங்கம். இவர்கள் நேராக மந்திரியைப் பார்க்கிறார்கள், காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் எங்கள் ஓட்டுக்கு என்ன அர்த்தம்? இந்தக் குழுக்களையெல்லாம் அரசாங்கத்தின் பக்கமே அண்டவிடாமல் தடை செய்தால் என்ன? அப்பாவையும் ஒரு சங்கத்தில் சேரச் சொல்லலாம் என்று பார்த்தால், எங்கள் பக்கம் எந்தச் சங்கத்தைத் தொட்டாலும் உள்ளே ஒரு கட்சியோ ஒரு சாதியோ இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ச.,

தடை செய்யக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த அறையில் உங்கள் அப்பா தோற்றதற்குக் காரணம் ஆலைக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது என்பதைவிட, அவருக்கு ஒன்று இல்லாமல் போனது என்பதுதான். இருக்கிற சங்கத்தைக் கலைத்தால் ஆலைக்காரர் நாளைக்குத் தனியாகவே மந்திரியைப் போய்ப் பார்த்துக்கொள்வார். அவருக்கு அந்த வழி எப்போதும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அது எந்தக் காலத்திலும் கிடையாது.

ஓட்டுப் போடுவது ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. யார் ஆள வேண்டும் என்பதை அதில் சொல்லலாம். டன்னுக்கு என்ன விலை, ஆலை வாசலில் லோடு எத்தனை நாள் நிற்கலாம், உயர் அழுத்த மின்கோபுரம் யார் நிலத்தில் கால் ஊன்றலாம் என்பதையெல்லாம் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லிவிட முடியாது. இடைப்பட்ட நாட்களில் பேசுவதற்குத்தான் அரசியல் சட்டத்தின் 19(1)(சி) சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. பேச்சுரிமையும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் இருக்கிற அதே பிரிவில்தான் இதுவும் இருக்கிறது.

சங்கமே இல்லாமல் ஓட்டு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, குடிதண்ணீர்க் கிணறுகூடப் பாழாக்கப்பட்டது, அடிபட்ட பெண்களே சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு ஓட்டு இருந்தது. எம்.எல்.ஏ. இருந்தார், எம்.பி. இருந்தார். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றுதான் அன்றைய அரசு சொன்னது.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த ஊருக்குப் போயின. பேசப் பயந்தவர்களைப் பேச வைத்தார்கள். நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். 1995-ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐ-யிடம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்றைக்கு உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளை 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. முப்பத்தொரு வருடம். ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், சாட்சிகளில் சிலர் இறந்தே போனார்கள். அத்தனை காலமும் அந்த வழக்குக் கோப்பைக் கீழே போடாமல் வைத்திருந்தது ஓர் அமைப்பு. தனி மனிதரால் அது ஆகாது, எவ்வளவு துணிச்சல் இருந்தாலும் ஆகாது. அரசை நெருக்கிக் காரியம் கேட்கிற இந்த அழுத்தக் குழுக்களைத் தடை செய்தால் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட சங்கம்தான், கூழ் ஆலைச் சங்கமோ குவாரிச் சங்கமோ இல்லை. இதை நீங்கள் ஆழமாக யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் மாங்காய்க்கு வருகிறேன்.

அந்த அறையில் பத்துப் பேர் ஒரே குரலிலும் நூறு பேர் நூறு குரலிலும் பேசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விவசாயிகளுக்கு விவரம் போதவில்லை என்றோ ஒற்றுமை இல்லை என்றோ மேடையில் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது ஏற்புடையதில்லை. மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965-ல் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஆட்கள் குறைவாகவும் ஆளுக்கு லாபம் பெரிதாகவும் இருந்தால் குழு தானாகக் கூடும். ஆட்கள் ஏராளமாகவும் ஆளுக்குக் கிடைப்பது சொற்பமாகவும் இருந்தால் குழு சேராது, மொத்தப் பலன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேராது.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஓர் ஆலை ஒரு பருவத்துக்கு 5,000 டன் அரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் அந்த ஆலைக்கு மிச்சம் 50 லட்சம் ரூபாய். அதற்காக ஒரு மேலாளரை ஒரு மாதம் முழுக்க அலைய விடலாம், கணக்காளரை வைத்துத் தாள் தயாரிக்கலாம், சென்னைக்கு நான்கு முறை போய்வரலாம். உங்கள் அப்பா தோப்பில் பத்து டன் காய்க்கிறது என்றால் அதே ஒரு ரூபாயில் அவருக்குக் கிடைப்பதோ போவதோ 10,000 ரூபாய். அறுவடை நேரத்தில் பறிப்பு ஆளை விட்டுவிட்டு, பஸ் ஏறி, நாள் முழுக்க உட்கார்ந்து அவர் பேசினால், அந்தப் பலன் வீட்டிலேயே இருந்த பக்கத்துத் தோப்புக்காரருக்கும் அதே அளவு கிடைக்கும். அப்படியானால் யார் போவார்? போகாதவரைத் திட்டிப் பயனில்லை, அவர் கணக்கு அவருக்குச் சரி. அத்தனை பேர் கணக்கும் தனித்தனியே சரியாக இருந்து, மொத்தத்தில் எல்லோருக்கும் நஷ்டமாக முடிகிறது.

இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. கூழ் டிரம்மில் ஒரு வருடம் இருக்கும், பறித்த காய் ஒரு வாரம் தாங்காது. ஜூன் மாதத்தில் ஏதாவது ஓர் ஆலைக்கு முன்னால் போய் நின்று பார்த்தால் இது தெரியும். டிராக்டர், மினி லாரி, டிப்பர் எல்லாம் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். டிரைவர் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருப்பார். அடித்தட்டுக் காய் நசுங்கி பலகை இடுக்கு வழியாகச் சாறு ஒழுகிக்கொண்டிருக்கும், ஈ மொய்க்கும். டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போது தோப்புக்காரர் ஓடிப்போய், “எவ்வளவு போடறீங்களோ போடுங்க, இறக்கிக்கங்க” என்பார். கூட்டத்தில் சொன்ன விலை அங்கே அவர் வாயில் வராது. ஏனென்றால் திரும்பிக் கொண்டுபோனால் டீசல் காசும் போய், காயும் குப்பைக்குப் போகும். கூட்டத்தில் சொல்லப்பட்ட விலைக்குச் சட்ட பலம் இல்லை என்பது ஒரு பக்கம். காத்திருக்கும் பலம் உங்களுக்கு இல்லை என்பது அதைவிடப் பெரிது.

அந்த அறையைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். பூப்பிடிக்கும்போதே தோப்பைக் குத்தகைக்குப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு, விலை சரிந்தால் மொத்தமாக மூழ்கிப்போகிற குத்தகைக்காரர் அங்கே எந்தத் தரப்பு? மரமேறிக் காய் பறிக்கிற கூலிக்காரர்? ஆலைக்குள் பருவம் முழுக்க ஈரத்தில் நின்று பழம் கழுவி, நறுக்கித் தருகிற பெண்கள்? கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் இவர்களுடைய நாள்கூலிதான் முதலில் ஆடுகிறது. இவர்களுக்கு அங்கே நாற்காலி போடப்பட்டிருக்கவில்லை. உங்கள் அப்பாவுக்காவது சட்டைப் பையில் ஒரு மனு இருந்தது.

ஒரு குழு ஜெயிக்கும்போது அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025-ல் பெங்களூரா விலை கிலோ நான்கு, ஐந்து ரூபாய்க்குச் சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. ஆலை 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும். அதோடு, வெளி மாநிலக் காய் உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. சித்தூர் விவசாயிக்கு அது நியாயம். அங்கே காலங்காலமாகக் காய் கொண்டுபோய்க்கொண்டிருந்த கர்நாடகத்துச் சீனிவாசபுரத்து விவசாயிக்கு ஒரே இரவில் வாசல் அடைத்துப்போனது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போய், பிறகு கர்நாடகத்துக்கும் 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாசத்தை ஈடுகட்ட மத்திய அரசு ஒப்புக்கொண்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயி, அந்தப் பக்கம் ஒரு விவசாயி, இருவருக்கும் ஒரே காய், ஒரே கடன். யாருடைய குரல் எந்த அரசை எட்டியது என்பதை வைத்து விலை மாறியது.

விவசாயச் சங்கங்கள் வென்ற பெரிய போராட்டத்துக்கும் இதே முகம் உண்டு. எழுபதுகளில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்துக்கு எதிராக நடந்த கிளர்ச்சி தமிழக விவசாயிகளின் மாபெரும் திரட்சி. மாட்டு வண்டிகளோடு கோவையை முற்றுகையிட்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அந்தத் தியாகத்தை நான் வணங்குகிறேன். ஆனால் கிணறும் மோட்டாரும் இருந்தவருக்குத்தான் அது கிடைத்தது. பென்னாகரம், நல்லம்பள்ளி மேட்டு நிலத்தில் மழையை நம்பி ராகியும் சாமையும் விதைக்கிற மானாவாரி விவசாயிக்கு மோட்டாரும் இல்லை, அவர் பெயரில் மானியமும் இல்லை. அவரைத் திரட்ட அன்றைக்கும் ஆள் வரவில்லை, இன்றைக்கும் பெரிதாக யாரும் வரவில்லை.

இந்த இரண்டு மாவட்டத்துத் தண்ணீரிலும் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது, பல ஊர்க் கிணறுகளில் அதற்கு மேல். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, நடுவயதுக்காரர்களுக்கு மூட்டு விறைப்பு. அந்த நோயாளிகளுக்கு எந்த நாளிலும் ஒரு சங்கம் இருந்ததில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம். கர்நாடகத்தில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே கன்னட அமைப்புகள் வீதிக்கு வந்தன, இங்கே திரைத்துறையினர் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஏப்ரலில் திட்டம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு தொடர்ந்து, 2013-ல் தண்ணீர் வந்தது. இரு பக்கமும் அன்று கேட்டது அமைப்பாகத் திரண்டவர்களின் குரல். பல் கறுத்த பிள்ளையின் தாய் என்ன சொன்னாள் என்று எந்த டிவியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆக, ஜனநாயகத்தில் அழுத்தக் குழுக்களைப் பற்றி நான் கேட்கிற முதல் கேள்வி, யாருக்கு இல்லை என்பது. இரண்டாவது, பேச்சு எங்கே நடக்கிறது என்பது. இந்த இரண்டாவதற்கு நீங்கள் வேலை செய்கிற ஓசூரையே எடுத்துக்கொள்ளலாம்.

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க அரசு விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் இப்படி ஒரு திருத்தம் செய்திருந்தது. முதலீடு செய்ய வருகிற நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வு கேட்கின்றன என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. திங்கட்கிழமை மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்.

இதைத் தொழிற்சங்கத்தின் வெற்றி என்று கொண்டாடலாம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் நிறுவனங்கள் அந்த நெகிழ்வை எப்போது கேட்டன, யாரிடம் கேட்டன, எந்த நிறுவனம், என்ன வார்த்தையில் கேட்டது? மசோதா நிறைவேறும் வரை நமக்கு எதுவும் தெரியாது. கேட்டதில் தவறில்லை, கேட்பது அவர்கள் உரிமை. தொழிற்சங்கம் கேட்டது தெருவில், மைக் வைத்து, நாம் எல்லோரும் பார்க்க. மற்றவர்கள் கேட்டது எந்த அறையில் என்றுகூடத் தெரியாது. அமெரிக்காவில் 1995-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நாடாளுமன்றத்தையும் அரசையும் யாருக்காக, எந்த மசோதா விஷயமாக, எவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு அணுகுகிறார்கள் என்பதை அந்த வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் பதிவு செய்து வெளியிட வேண்டும். அங்கே அதனால் பணத்தின் செல்வாக்கு ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒரு பத்திரிகையாளர் நினைத்தால் எடுத்துப் பார்க்க ஒரு பதிவேடு இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே கிடையாது.

பணம் என்று வந்துவிட்டதால் தேர்தல் பத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்த வரம்பை 2017-ல் எடுத்தார்கள். யார் கொடுத்தார் என்று வெளியே தெரியாமல் கொடுக்கப் பத்திரத்தையும் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டையும் செல்லாதென்றது. யாரிடமிருந்து பணம் வருகிறது என்பது வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றது. அடுத்த மாதம் பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய ஒரு லாட்டரி நிறுவனம். ஆறு வருடம் இது நமக்குத் தெரியாமல் நடந்தது. உங்கள் ஓட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்களே, உங்கள் ஓட்டை உண்மையில் சிறுமைப்படுத்துவது இந்த மறைப்புதான். நூறு பேர் கொடி பிடித்துச் சாலையில் உட்கார்வதால் உங்கள் ஓட்டு ஒன்றும் குறைந்துபோவதில்லை.

சாதிச் சங்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் இதைத் தொடாமல் போக முடியாது. வன்னியர் சங்கம் 1980-ல் தொடங்கியது. 1987 செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல், துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு சங்கத்திலிருந்து பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. தருமபுரி மாவட்டத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறையில் எத்தனை பேருக்கு அந்த 20 சதவீதம் கைகொடுத்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வன்னியர் மட்டுமில்லை, அந்தப் பட்டியலில் உள்ள வண்ணார், மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரு சாதிச் சங்கம் கேட்டது என்பதாலேயே கோரிக்கை தவறாகிவிடாது.

ஆனால் சாதியாகத் திரள்வதன் மறுபக்கத்தையும் இந்த மாவட்டம்தான் பார்த்தது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு குழு அரசிடம் போய்த் தன் பங்கைக் கேட்கிற வரை அது ஜனநாயகம். தன் ஊர்ப் பெண் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், பக்கத்துத் தெருக்காரன் எப்படி வாழ வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பிக்கிற நொடியில் அதற்கும் ஜனநாயகத்துக்கும் சம்பந்தம் அறுந்துபோகிறது. எந்தச் சங்கத்தில் சேர்வதாக இருந்தாலும் உங்கள் அப்பா பார்க்க வேண்டியது இதைத்தான். மாங்காய் விற்கிற தலித் விவசாயியும் முஸ்லிம் குத்தகைக்காரரும் அங்கே வந்து பேச முடியுமா? முடியாதென்றால் அது மாங்காய்ச் சங்கம் இல்லை.

கட்சி கலந்திருப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. வாச்சாத்தியில் கட்சிதானே நின்றது. ஆட்சியில் இருக்கிற தன் கட்சியையும் எதிர்த்துக் கேட்குமா என்பது ஒன்றைத்தான் பார்ப்பேன்.

இனி, செய்யக்கூடியது.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்ட வேண்டும். கெயில் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் விஷயத்தில் நம் இரு மாவட்டங்கள் உட்பட ஏழு மாவட்ட விவசாயிகள் அருமையாகத் திரண்டார்கள். 2013-ல் முதலமைச்சரே அவர்கள் பக்கம் நின்று, வயல் வழியாக வேண்டாம், சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்றார். அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. காரணம், அதிகாரம் 1962-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் இருந்தது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், குழாய் பதிக்கும் உரிமையை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம் தருவார்கள். அந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி எம்.பி.க்களை நெருக்கியிருக்க வேண்டும். சென்னையில் கிடைத்த வெற்றி டெல்லியில் செல்லவில்லை.

மாங்காயைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவர், எண்களைத் தாளில் வைத்துப் பேசத் தெரிந்தவர். அன்று ஆலைக்காரர் கையில் இருந்த தாள்தான் அந்த அறையின் உண்மையான ஆயுதம். அது போன்ற ஒன்றை விவசாயிகள் பக்கமும் தயாரிக்க வேண்டும். உழவு, மருந்து, பறிப்புக்கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன், எடைக் கழிவு எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு அடக்கம் எவ்வளவு என்று உங்கள் ஊரில் இருபது தோப்பில் கேட்டு எழுதுங்கள். குத்தகைக்காரரிடமும் பறிப்பு ஆட்களிடமும் தனியாகக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நூறு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து மூன்றே கோரிக்கை, ஒரே ஆள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். யானையும் காப்பீடும் முக்கியம்தான், அவற்றை மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். அந்த மூன்றில் ஒன்று, பேசி முடிக்கிற விலை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதாக இருக்கட்டும். எந்த ஆலை ஒப்புக்கொண்டது, எத்தனை டன் வரை, எந்தத் தேதி வரை என்று இருதரப்புக் கையெழுத்தோடு வேண்டும். கூலிக்காரர்கள் சார்பில் இரண்டு பேரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்றாக இருந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். அவர்கள் வந்தால் உங்கள் அப்பாவிடமும் கூலி உயர்த்திக் கேட்பார்கள். கேட்கட்டும்.

கூடவே, கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஒரு ஊரின் தீர்மானம் காகிதம்தான், நாற்பது ஊரின் தீர்மானத்தை மேசையில் வைத்தால் அதற்கு எடை வேறு.

கடைசியாக, தகவல் உரிமைச் சட்டம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கிற முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் அதற்கான எல்லா விவரங்களையும் அரசு அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. யாரும் கேட்கக்கூடத் தேவையில்லை. மத்திய அரசு புதிய சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014-ல் முடிவெடுத்ததும் இதே எண்ணத்தில்தான். நம்மில் யாரும் கேட்காததால் இரண்டும் பெரும்பாலும் ஏட்டோடு நிற்கின்றன. அந்த விலைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே? வருகைப் பதிவேட்டில் யார் யார் கையெழுத்திட்டார்கள்? ஆலைத் தரப்பு கொடுத்த அந்தத் தாளின் நகல் கோப்பில் இருக்கிறதா? முந்தைய ஐந்து வருடத்தில் பேசிய விலை என்ன? பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினால் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். இதை உங்கள் பெயரில் போடாமல் அப்பா பெயரில் போடுங்கள். சட்டைப் பையிலேயே தங்கிவிட்ட அந்த மனுவையும் தேதி மாற்றி எழுதி, குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை ரசீது வாங்கிவிடச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பினால், ஆலை வாசல் விலையோடு வைத்துப் பார்த்து விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்